கைத்துப்பாக்கியின் சுருள்வில்: வலிமை கூடினால் மேன்மையா?

துப்பாக்கி சுடும்போது குண்டு முன்னால் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நம் பாடநூல்கள் இதையே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. பாடநூல் அத்துடன் நின்றுவிடும். ஆனால், தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில் அந்த எதிர்வினை வீணாக விடப்படுவதில்லை. சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியே எறியவும், அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளவும் அதுவே பயன்படுத்தப்படுகிறது. இந்த வேலைகளுக்கு நடுவே அமர்ந்திருப்பது ஒரு விரல் நீளமே உள்ள சுருள்வில். பின்னுதைப்புச் சுருள்வில் என்று இதனைக் கூறலாம்.

கைத்துப்பாக்கிகள் பெருமளவில் விற்பனையாகும் அமெரிக்காவில், துப்பாக்கியைச் செய்த நிறுவனம் அல்லாத பிற நிறுவனங்களும் மாற்று உறுப்புகளைச் செய்து விற்கின்றன. அவற்றுள் மலிவானதும் எளிதில் மாற்றக்கூடியதும் இந்தச் சுருள்வில்லே. உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு இன்னும் வலிமையான ஒன்றைப் பொருத்தினால் உதைப்பு குறையும், துப்பாக்கி நெடுநாள் உழைக்கும் என்பது விற்போர் கூறும் பொதுவான பயன். வாங்கியவர் ஐம்பது அல்லது நூறு முறை சுட்டுப் பார்க்கிறார். தடங்கல் ஏதும் இல்லை. மேன்மைதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இந்த முடிவு சரியா? உயிர் காக்கும் வேளையில் ஒரே ஒரு முறை தடைப்பட்டாலும் பெருந்தீங்கு விளைவிக்கும் கருவி இது. ஆகவே, இக்கேள்விக்குச் சற்று நிதானமாக விடை காண்போம்.

உள்ளே நடப்பது என்ன?

அமெரிக்கப் பொறியாளர் ஜான் மோசஸ் பிரௌனிங் வகுத்த அமைப்பையே இன்றைய கைத்துப்பாக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அமெரிக்கப் படை 1911-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட கோல்ட் துப்பாக்கி அவர் வகுத்ததே. ஆஸ்திரியப் படை 1982-இல் ஏற்றுக்கொண்ட கிளாக் துப்பாக்கியும் அடிப்படையில் அதே முறையைக் கையாள்கிறது. 1988-இல் வெளிவந்த கிளாக் 19 என்பது அதன் சிறுவடிவம். அதன் குழல் 102 மில்லிமீட்டர் நீளம். மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டியில் 15 தோட்டாக்கள் கொள்ளும்.

இத்தகைய துப்பாக்கியின் மேற்பகுதி, குழலை மூடியபடி முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் ஓர் எஃகு உறை. அதனை ஸ்லைடு என்பர். கையில் பிடிக்கும் கீழ்ப்பகுதி சட்டம். இவ்விரண்டிற்கும் இடையே, குழலுக்கு அடியில், ஒரு தண்டின்மேல் சுருள்வில் கிடக்கிறது.

டிரிக்கரை இழுத்ததும் வெடிமருந்து எரிகிறது. குண்டு முன்னோக்கிப் பாயத் தொடங்கும் அதே கணத்தில், ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும் ஸ்லைடும் குழலும் சேர்ந்து பின்னோக்கி நகரத் தொடங்குகின்றன. சில மில்லிமீட்டர் நகர்ந்தபின் குழலின் பின்முனை தாழ்ந்து பூட்டு விடுபடுகிறது. குழல் நின்றுவிடுகிறது; ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே ஓடுகிறது. ஓடும்போதே வெற்றுக்கூட்டை இழுத்து வெளியே வீசுகிறது, சுருள்வில்லையும் நெருக்குகிறது. கடைசியில் சட்டத்தில் மோதி நிற்கிறது. இப்போது நெருக்குண்ட சுருள்வில் விரிந்து ஸ்லைடை முன்னே தள்ளுகிறது. வரும் வழியில் அது பெட்டியின் மேலுள்ள தோட்டாவைத் தள்ளிக் குழலில் ஏற்றிப் பூட்டிக்கொள்கிறது. இவை யாவும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்திற்குள் முடிந்துவிடுகின்றன.

சுருள்வில்லின் பங்கு எவ்வளவு?

சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 9 மில்லிமீட்டர் துப்பாக்கியின் குண்டு 8 கிராம் நிறையுடன் நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். இதன் உந்தம், நிறையையும் வேகத்தையும் பெருக்க வருவது, 2.8 கிலோகிராம்-மீட்டர்/நொடி. குண்டின் பின்னே சீறி வரும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 3.2 ஆகும். இதே அளவு உந்தம் பின்னோக்கியும் தோன்றியாக வேண்டும். ஸ்லைடும் குழலும் சேர்ந்து 450 கிராம் என்றால், அவை நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்தில் பின்னே கிளம்பும்.

குண்டு குழலைக் கடக்க ஆகும் நேரம் அரை மில்லிநொடி அளவே. அதாவது, ஒரு நொடியை 2000 பங்கிட்டால் அதில் ஒன்று. அதற்குள் ஸ்லைடு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். ஸ்லைடு மூடியிருக்கும் நிலையில் சுருள்வில் தரும் விசை 30 நியூட்டன், அதாவது 3 கிலோ எடைக்குச் சமம், என்று கொண்டால், அந்த அரை மில்லிநொடியில் அது தடுத்து நிறுத்தும் உந்தம் 0.015. மொத்தமாகிய 3.2-இல் இது இருநூற்றில் ஒரு பங்குதான்! ஆகவே, குண்டு வெளியேறும் வரை துப்பாக்கியை மூடி வைத்திருப்பது சுருள்வில் அன்று. குழலுக்கும் ஸ்லைடுக்கும் இடையே உள்ள பூட்டும் அவற்றின் நிலைமமுமே. சுருள்வில்லை மாற்றுவதால் குண்டின் வேகம் மாறிவிடாது.

அடுத்து ஆற்றலைப் பார்ப்போம். குழல் நின்றபின் 360 கிராம் நிறையுள்ள ஸ்லைடு மட்டும் ஓடுகிறது எனில், அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9 ஜூல். மாற்றுச் சுருள்வில்களின் வலிமை, ஸ்லைடு முழுதும் பின்னே வந்த நிலையில் எத்தனை பவுண்டு விசை என்று உறையின்மேல் அச்சிடப்படுகிறது. 18 பவுண்டு என்பது 80 நியூட்டன். ஸ்லைடின் 40 மில்லிமீட்டர் ஓட்டத்தில் இத்தகைய சுருள்வில் உட்கொள்ளும் ஆற்றல் ஏறத்தாழ 2.2 ஜூல். இதனை 20 பவுண்டு சுருள்வில்லாக மாற்றினால் 2.4 ஜூல் ஆகும். வேறுபாடு கால் ஜூலுக்கும் குறைவு. ஸ்லைடின் ஆற்றலில் இது நூற்றுக்கு மூன்று பங்கும் இராது. எஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதி வெற்றுக்கூட்டை இழுப்பதிலும் உராய்விலும் செலவாகிறது. மற்றது சட்டத்தின்மேல் மோதலாக இறங்குகிறது.

உதைப்பு குறையுமா?

கையை வந்தடையும் மொத்த உந்தம் 3.2. இதனை எந்தச் சுருள்வில்லாலும் குறைக்க முடியாது. உந்தம் அழிவதில்லை என்பது இயற்கையின் விதி. சுருள்வில் செய்வதெல்லாம், அந்த உந்தம் எப்படிப் பங்கிடப்பட்டுக் கைக்கு வந்து சேர்கிறது என்பதை மாற்றுவதுதான். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னே இழுத்துக்கொண்டு பிடிக்கிறார். பந்தின் உந்தம் குறைவதில்லை. ஆனால், நேரம் நீள்வதால் கை வலிப்பதில்லை. சுருள்வில்லின் தொண்டும் அத்தகையதே. வலிமை கூடிய சுருள்வில், மென்மையான தள்ளலாகச் செல்லும் பங்கைச் சிறிது கூட்டுகிறது. இறுதி மோதலின் பங்கைச் சிறிது குறைக்கிறது.

ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. திரும்பி வரும் ஸ்லைடு முன்னைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுதல் வேகத்துடன் முன்னே வந்து மோதுகிறது. அதனால் துப்பாக்கியின் வாய் சற்றுக் கீழே குனியும். பின்னே கிடைத்த நன்மையில் ஒரு பகுதி முன்னே கழிந்துவிடுகிறது.

சில மாற்று உறுப்புகளில் சுருள்வில்லுடன், பிளாஸ்டிக் தண்டிற்குப் பதிலாக எஃகுத் தண்டும் வருகிறது. அது 30 கிராம் எடையைக் கூட்டுகிறது எனக் கொள்வோம். தோட்டாக்கள் நிரம்பிய துப்பாக்கியின் எடை 850 கிராம் எனில், இந்த 30 கிராமால் துப்பாக்கி பின்வாங்கும் வேகம் 3 விழுக்காட்டிற்கு மேல் குறையும். உதைப்பு குறைந்ததாக வாங்கியவர் உணர்ந்தால், அது சுருள்வில்லின் பயனா, தண்டின் எடையின் பயனா? இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டவரால் இதற்கு விடை கூற இயலாது.

இரண்டு எல்லைகள்

சுருள்வில்லின் வலிமைக்குக் கீழே ஓர் எல்லையும் மேலே ஓர் எல்லையும் உண்டு. மிக வலிமை குறைந்தால் ஸ்லைடு பெரும் வேகத்துடன் சட்டத்தில் மோதும். உறுப்புகள் தேயும், விரிசல் விடும். திரும்பும்போது தோட்டாவை முழுமையாக ஏற்றிப் பூட்டிக்கொள்ளவும் வலுவிராது.

மிக வலிமை கூடினால் வேறு தொல்லைகள். ஸ்லைடு முழுத் தொலைவும் பின்னே வராமல் பாதி வழியில் திரும்பிவிடலாம். அப்போது வெற்றுக்கூடு வெளியே செல்லாமல் ஸ்லைடின் வாயில் புகைபோக்கிபோல நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும்; அல்லது ஸ்லைடு அடுத்த தோட்டாவின் பின்புறம் வரை செல்லாமல் வெறுமனே மூடிக்கொள்ளும். முழுத் தொலைவு வந்தாலும், அடுத்த தோட்டாவைப் பெட்டியின் சுருள்வில் மேலே உயர்த்தி முடிப்பதற்குள் விரைந்து வரும் ஸ்லைடு அதனைக் கடந்துவிடலாம்.

துப்பாக்கியைப் பிடித்திருக்கும் கையும் இவ்வியந்திரத்தின் ஓர் உறுப்பே என்பது இங்கே கவனிக்கத்தக்கது. சட்டம் அசையாமல் நின்றால்தான் ஸ்லைடு அதன்மேல் முழுமையாக ஓட முடியும். பிடி தளர்ந்தால் சட்டமும் ஸ்லைடுடன் சேர்ந்து பின்னே போகும். இரண்டிற்கும் இடையே உள்ள ஓட்டம் குறுகும். சுருள்வில் வலிமை கூடியதாயின் இக்குறை இன்னும் பெரிதாகும். இரு கைகளாலும் இறுகப் பிடித்துச் சுடும் பயிற்சிக் களத்தில் இது வெளிப்படாது. காயம்பட்ட காவலர் ஒருவர் ஒற்றைக் கையால் சுட நேரும்போது வெளிப்படும்.

சிறிய துப்பாக்கியின் இடர்ப்பாடு

துப்பாக்கி சிறிதாகச் சிறிதாக இவ்விரு எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. தோட்டா அதேதான், உந்தமும் அதேதான். ஸ்லைடோ இலேசானது, ஆகவே, வேகம் கூடும். ஓடும் தொலைவும் குறைவு. குறுகிய இடத்தில் அதே வேலையைச் செய்ய வலிமை மிகுந்த சுருள்வில் வேண்டும். 127 மில்லிமீட்டர் குழல் கொண்ட கோல்ட் 1911 துப்பாக்கிக்கு 16 பவுண்டு சுருள்வில் போதும். அதன் சிறுவடிவமாக 1985-இல் வந்த, 89 மில்லிமீட்டர் குழல் கொண்ட ஆபீசர்ஸ் துப்பாக்கிக்கு 22 பவுண்டு தேவைப்பட்டது.

சுருள்வில்லின் விசை அது நெருக்கப்படும் தொலைவுக்கு நேர் விகிதத்தில் அமையும் என்பதை ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கி வெளியிட்டார். அந்த விகிதம் கம்பியின் தடிப்பைப் பொறுத்தது. அதுவும் தடிப்பின் நான்காம் படியைப் பொறுத்தது. கம்பி 5 விழுக்காடு தடித்தால் சுருள்வில்லின் விறைப்பு 21 விழுக்காட்டிற்கு மேல் கூடிவிடும். தயாரிப்பில் நேரும் மிகச் சிறிய வேறுபாடும் விசையைப் பெரிதும் மாற்றிவிடும் என்பது இதனால் விளங்கும். மேலும், குறுகிய இடத்தில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ முழுதும் நெருக்கப்படும் கம்பி விரைவில் களைத்துப்போகிறது; நீளம் குறைந்து, விசையும் குறைகிறது. இதனால்தான் மிகச் சிறிய துப்பாக்கிகளில் ஒன்றனுள் ஒன்றாக இரண்டு சுருள்வில்களை வைத்துச் சுமையைப் பங்கிடும் முறை கையாளப்படுகிறது.

சோதனை எப்படி அமைய வேண்டும்?

முதலில் உறைமேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். பழைய சுருள்வில், புதிய சுருள்வில் இரண்டின் நீளத்தையும், குறிப்பிட்ட தொலைவுக்கு நெருக்கும்போது அவை தரும் விசையையும் தராசால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பழையது ஏற்கெனவே சில ஆயிரம் முறை உழைத்ததாயின், புதியதுடன் அதை ஒப்பிடுவது முறையாகாது. அதே தயாரிப்பில் புதிய ஒன்றை வாங்கியே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். தோட்டா, பெட்டி, சுடுபவர், தண்டு எதுவும் மாறலாகாது. பழையதை முழுதும் சுட்டுவிட்டுப் பிறகு புதியதை எடுப்பதும் தவறு. கை களைத்திருக்கும், துப்பாக்கி சூடேறி அழுக்கும் படிந்திருக்கும். பழையது, புதியது, புதியது, பழையது என்று முறைமாற்றிச் சுட வேண்டும்.

மூன்றாவது, உதைப்பு குறைந்ததா என்று கூறுபவருக்கு, உள்ளே இருப்பது எது என்று தெரியக் கூடாது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் நன்றாக இருக்கிறது என்றே மனம் கூறும். ஸ்லைடைக் கையால் இழுத்தாலே வலிமை தெரிந்துவிடுமாதலால், தோட்டாவை ஏற்றித் தருவதையும் மற்றொருவரே செய்ய வேண்டும்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைப் பதிவு செய்ய வேண்டும். வெற்றுக்கூடுகள் எவ்வளவு தொலைவில் விழுகின்றன? சுருள்வில் வலிமை கூடினால் அவை அருகில் விழும். குறைந்தால் தொலைவில் விழும். கடைசித் தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடு பின்னே நின்று பூட்டிக்கொள்கிறதா? இது ஸ்லைடு முழுத் தொலைவு ஓடியதற்கு நல்ல சான்று.

ஐந்தாவது, எல்லைகளில் சோதிக்க வேண்டும். வலுக் குறைந்த பயிற்சித் தோட்டா, வலு மிகுந்த தோட்டா. இறுகிய பிடி, ஒற்றைக் கை, தளர்ந்த பிடி. எண்ணெயிட்ட துப்பாக்கி, உலர்ந்து அழுக்கேறிய துப்பாக்கி. நல்ல சூழ்நிலையில் எல்லாச் சுருள்வில்களும் தேறிவிடும்.

எத்தனை முறை சுட்டால் போதும்?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். நூறு முறை சுட்டும் தடங்கல் இல்லையெனில், அந்தத் துப்பாக்கி நம்பத்தக்கதா?

புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு. ஒரு செயலைப் பல முறை செய்து ஒரு முறைகூடத் தவறு நேரவில்லையெனில், 3 என்னும் எண்ணை அச்செயலின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான தவறு விகிதம் அந்த அளவுக்கு மேற்படாது என்று 95 விழுக்காடு உறுதியுடன் கூறலாம். நூறு முறை சுட்டால் 3/100. அதாவது, நூற்றுக்கு மூன்று முறை தடைப்படும் துப்பாக்கியாகவும் அது இருக்கக்கூடும். நம் சோதனை அதனை மறுக்கவில்லை!

நூற்றுக்கு மூன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால், 15 தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டியைத் தடங்கலின்றிச் சுட்டு முடிக்கும் வாய்ப்பு என்ன? 0.97-ஐ 15 முறை பெருக்கினால் 0.63. அப்படியானால், மூன்று பெட்டிகளில் ஒன்றிற்கு மேல் நடுவில் தடைப்படும். இத்தகைய துப்பாக்கியும்கூட, இருபது முறை இச்சோதனையைச் செய்தால் ஏறக்குறைய ஒரு முறை நூறு தோட்டாக்களையும் தடங்கலின்றிச் சுட்டுக் காட்டிவிடும்.

நூற்றுக்கு ஒன்று என்னும் அளவை உறுதி செய்ய 300 முறை சுட வேண்டும். அப்போதும் ஏழு பெட்டிகளில் ஒன்று தடைப்படும் வாய்ப்பை மறுக்க இயலாது. ஆயிரத்திற்கு ஒன்று என்றால் 3000 முறை ஒரு தடங்கலுமின்றிச் சுட வேண்டும். 1911-ஆம் ஆண்டுத் தேர்வில் பிரௌனிங்கின் துப்பாக்கி 6000 தோட்டாக்களை ஒரு தடங்கலுமின்றிச் சுட்டது. போட்டியிட்ட சாவேஜ் துப்பாக்கியில் 37 தடங்கல்கள் நேர்ந்தன. நம் விதிப்படி, 6000 என்பது இரண்டாயிரத்திற்கு ஒரு தடங்கல் என்னும் அளவுக்குச் சான்று. படைத்துறையினர் அவ்வளவு தோட்டாக்களைச் செலவிட்டது வீண் ஆரவாரம் அன்று என்பது இதனால் தெளிவாகும்.

இதில் மற்றுமொரு சிக்கல் உண்டு. 3000 முறை சுட்டு முடிக்கும்போது அந்தச் சுருள்வில்லே கணிசமாக உழைத்துத் தேய்ந்திருக்கும். அதனை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினால், முந்தைய சோதனை இதற்குப் பொருந்துமா? ஒவ்வொரு சுருள்வில்லும் ஒரே அளவில் செய்யப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும். எனவே, தனிமனிதர் தம் கையிலுள்ள ஒரு சுருள்வில்லைச் சோதிப்பதைவிட, ஆயிரக்கணக்கானவற்றை ஒரே அளவில் செய்து, அவற்றுள் மாதிரிகளை எடுத்துச் சோதிக்கும் தொழிற்சாலையின் சான்றே பெரிது.

தயாரிப்பாளருக்கும் நேர்வதுண்டு

தொழிற்சாலைச் சுருள்வில் என்பதால் அது குறைகளுக்கு அப்பாற்பட்டது என்று கருதிவிடலாகாது. கிளாக் நிறுவனம் தன் நான்காம் தலைமுறைத் துப்பாக்கிகளை 2010-இல் வெளியிட்டது. அதுவரை மிகச் சிறிய வடிவங்களில் மட்டுமே இருந்த இரட்டைச் சுருள்வில் அமைப்பு, கிளாக் 19 போன்றவற்றுக்கும் அப்போது வந்தது. மறு ஆண்டே, 2011-இல், ஏற்கெனவே விற்ற நான்காம் தலைமுறைத் துப்பாக்கிகளின் சுருள்வில் தொகுதிகளை மாற்றித் தருவதாக அந்நிறுவனம் தானே அறிவித்தது. மிகச் சிறிய 26, 27 எண் துப்பாக்கிகள் மட்டுமே இதற்கு விலக்கு. பெரும் அனுபவமும் சோதனைக் கூடங்களும் உடைய நிறுவனத்திற்கே, இந்தச் சிறிய உறுப்பை ஒரு முறைக்கு மேல் திருத்த வேண்டியிருந்தது. ஐம்பது தோட்டாக்களைச் சுட்டுவிட்டு முடிவு கட்டுவது எவ்வளவு துணிகரமான செயல் என்பதை இது காட்டும்.

அப்படியானால் சுருள்வில்லை மாற்றவே கூடாதா? மாற்றத்தான் வேண்டும், ஆனால், காலம் அறிந்து மாற்ற வேண்டும். களைத்துப்போன சுருள்வில்லை எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே வலிமையில் புதியதைப் பொருத்துவதே எல்லாரும் செய்யத்தக்க உண்மையான மேம்பாடு. வழக்கத்திற்கு மாறாக வலு மிகுந்த தோட்டாக்களையே தொடர்ந்து பயன்படுத்துவோர் வலிமை கூடிய சுருள்வில்லை நாடுவதற்குக் காரணம் உண்டு. ஆனால், அவர்களும் மேற்கூறிய சோதனைகளை நடத்தியபின்னரே அதனை நம்ப வேண்டும்.

ஸ்கூட்டரின் அதிர்வு தாங்கியானாலும், இயந்திரத்தின் வால்வுச் சுருள்வில்லானாலும் இதே நியாயம்தான். 'அசலைவிட வலிமையானது' என்று விற்கப்படும் எந்த உறுப்பைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எதற்கு எதிராக வலிமை? எதனை இழந்து வலிமை? எத்தனை முறை சோதித்துப் பார்த்த வலிமை? மூன்றாம் கேள்விக்கு நூறு என்று விடை வந்தால், மூன்றை நூறால் வகுத்துப் பார்த்துவிட்டு, பழைய சுருள்வில்லைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தி வைப்பதே அறிவுடைமை.